மஜ்காவில் ஓர் ஈரானிய அந்தப்புரம்: திரைக்குப் பின்னால் ஒரு சுற்று

ஒரு ரகசியத்தோடு ஆரம்பிக்கிறேன். ஈரானை 1797 முதல் 1834 வரை ஆண்டவர் ஃபத் அலி ஷா. அவருடைய அந்தப்புரத்தில் கஜானா சாவி யார் கையில் இருந்தது, எந்த ராணியின் பேச்சுக்கு மன்னர் தலையாட்டினார், மன்னரின் அந்தரங்கக் கடிதங்களை யார் எழுதிக் கொடுத்தார் என்பதையெல்லாம் அவர் மகன்களில் ஒருவரே தம் முதுமையில் புத்தகமாக எழுதிவைத்தார். அந்த இளவரசர் பெயர் சுல்தான் அகமது மீர்சா. அஸுதுத் தவ்லா என்பது பட்டம். புத்தகத்தின் பெயர் ‘தாரீகே அஸுதி’. வெளியாள் கேட்டு எழுதிய வம்பு இல்லை, அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எழுதியது! அது எங்கே அச்சானது தெரியுமா? நம் பம்பாயில். 1888-89ல், கல்லச்சில்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாட்டுங்காவில் பூ வாங்கும்போதும் செம்பூரில் ரயிலுக்கு நிற்கும்போதும் இதே நினைப்பு. அந்தக் காலத்தில் பாரசீகப் புத்தகம் அச்சடிக்கப் பம்பாய்தான் பேர்போன ஊர். கல்லச்சுக்கூடங்கள் இங்கே மூச்சுமுட்ட வேலை செய்துகொண்டிருந்தன. அச்சான கட்டுகள் கப்பலேறி ஈரானுக்குப் போயின. டோங்ரியில் நீல ஓடு பதித்து நிற்கும் முகல் மஸ்ஜித்தை ஷிராஸ் வணிகர் ஹாஜி முகமது ஹுசேன் கட்டியது 1860ல். ஈரானிய வணிகர்கள் ஒரு பக்கம், குதிரை வியாபாரிகள் இன்னொரு பக்கம். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை என்னவென்றால், அந்தப் புத்தகம் பேசுகிற ஷாவின் சொந்த மகளே மஜ்காவில் வாழ்ந்திருக்கிறார். புத்தகம் அச்சேறிய ஆண்டில் அந்த மஜ்காவ் வீட்டை ஆண்டுகொண்டிருந்தவர் ஷாவின் பேத்தி! தாராவியில் நம் தமிழ் முஸ்லிம்கள் படி மஸ்ஜித்தைக் கட்டிய 1887க்கும் இதற்கும் ஓராண்டு ஈராண்டுதான் தள்ளி. இந்தப் பக்கம் நெல்லைக்காரர்கள் தோல் பதனிட்டுக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஷாவின் காஜார் அரச வம்சத்துப் பெண்கள் பாரசீகத்தில் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊர்!

மஜ்காவுக்குப் போகும் முன் தெஹ்ரானில் ஒரு நடை எட்டிப் பார்த்துவிடுவோம். மூலக்கதை அங்கேதான்.

அந்தப்புரம் என்றால் நம் மனதில் என்ன ஓடும்? சலங்கை, சாமரம், பன்னீர்ச் செம்பு, பொழுது போகாத ராணிகள். எல்லாம் சினிமா செட். ஃபத் அலி ஷாவின் அந்தப்புரம் ஓர் அலுவலகம். அதுவும் சின்ன அலுவலகம் இல்லை. நூற்றுக்கு மேல் மனைவியர், நூற்றுக்கு மேல் பிள்ளைகள், அவரவர்க்குப் பணிப்பெண்கள், செவிலியர், அலிகள், காவல். மாதப்படி, துணிமணி, நகை, சீர்வரிசை, பயணச் செலவு என்று தினமும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இதை யார் கட்டி மேய்த்தார்கள்?

மன்னரின் தாய் இருந்தவரை அவர். அவர் மறைந்ததும் நாற்காலிச் சண்டை வரவேண்டிய இடம் இது. தங்களுக்குள் ஒருத்திக்கு அடங்கி நடக்க எந்த ராணிக்கும் சம்மதமில்லை. ஆனால் காலஞ்சென்ற மாமியாரின் பணிப்பெண்களில் ஒருத்தியை அமர்த்தினால் மதித்து நடப்போம் என்று சொல்லிவிட்டார்கள். வந்தார் குல்பதன். ஜார்ஜியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பெண்! கஜானா அவர் பொறுப்பு. காஸினுத் தவ்லா, அதாவது அரசின் பொக்கிஷதாரர் என்ற பட்டமும் வந்தது. அவருக்கென்று தனி முத்திரை. அந்த முத்திரை விழுந்த சீட்டைக் கொடுத்தால் வணிகர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் ஷாவே அவரை மணந்துகொண்டார். எனக்கு அந்தக் கல்யாணத்தைவிட அந்த முத்திரைதான் பிரமிப்பு. கடைவீதி ஒரு பெண்ணின் முத்திரையை நம்பிக் கடன் கொடுத்திருக்கிறது, அதுவும் 1800களின் தொடக்கத்தில்.

தாவூஸ் கானுமைச் சொல்லாமல் போக முடியாது. இஸ்ஃபஹான் பெண். ஷாவின் பேரன்புக்குரியவர், தாஜுத் தவ்லா என்று பட்டம். தாவூஸ் என்றால் மயில். இப்போது தெஹ்ரானில் இருக்கும் மயிலாசனம் நாதிர் ஷா டெல்லியிலிருந்து வாரிக்கொண்டு போனதுதான் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அது ஃபத் அலி ஷா புதிதாகச் செய்யச் சொன்ன ஆசனம். முதலில் அதற்குச் சூரிய ஆசனம் என்று பெயர். இந்தப் பெண்ணை மணந்த பிறகுதான் மயில் அதில் வந்து உட்கார்ந்தது!

ஆனால் என் மனம் முழுக்க ஒட்டிக்கொண்டவர் ஜியாவுஸ் சல்தனா. ஷாவின் மகள், 1799ல் பிறந்தவர், கவிஞர். அவர் கையெழுத்து அவ்வளவு அழகு. குர்ஆன் படி எடுத்தவர். மன்னருக்கு நம்பிக்கையாக ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால், அந்த வேலை வெளியே இருக்கும் திவான்களிடம் போகாது. மகளைக் கூப்பிடுவார். அப்பா சொல்லச் சொல்ல அந்தரங்கக் கடிதங்களை எழுதுவது இவர் வேலை. இன்றைய கணக்கில் அரசரின் தனிச்செயலர். எத்தனையோ வரன்கள் வந்தும் அப்பா இருக்கும்வரை திருமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். 1834ல் ஷா மறைந்த பிறகே, வெளியுறவு அமைச்சராக இருந்த மீர்சா மசூதை மணந்தார். 1873 வரை வாழ்ந்தார்.

இந்த ஜியாவுஸ் சல்தனாவுக்கு ஒரு தங்கை முறை. வேறு தாய், அதே தந்தை. அந்தத் தங்கைதான் நம் ஊருக்கு வந்தவர்: சர்வே ஜஹான் கானும்.

அவர் எப்படி இங்கே வந்தார் என்பதற்கு ஒரு மாமியாரின் பிடிவாதத்தில் தொடங்க வேண்டும். 1817. ஈரானில் யஸ்த் நகரம். ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான நிஸாரி இஸ்மாயிலிகளின் இமாம் ஷா கலீலுல்லா ஒரு கும்பலால் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். மகன் ஹசன் அலி ஷாவுக்குப் பதின்மூன்று வயது. சொத்துத் தகராறு வேறு. தாயார் பீபி சர்காரா ஒப்பாரி வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. சூஃபிக் கவிஞர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். மகனைக் கூட்டிக்கொண்டு நேரே ஷாவின் சபைக்குப் போய் நியாயம் கேட்டார். கேட்டது கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. கொன்றவர்களுக்குத் தண்டனை. மகனுக்கு மஹல்லாத் பகுதியில் நிலங்கள், கும் நகரின் ஆளுநர் பதவி, ஆகா கான் என்ற பட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஷாவின் மகள் சர்வே ஜஹான் மணமகளாக! கல்யாணச் செலவுக்கென்று ஷா கொடுத்தது 23,000 தூமான். முறையிடப் போன விதவை சம்பந்தியாகத் திரும்பினார். இன்று உலகமெங்கும் தெரிந்த ஆகா கான் என்ற பட்டத்தின் பின்னால் நிற்பவர் இந்த அம்மையார்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்தக் குடும்பத்துப் பெண்கள் அசகாய சூரர்கள். இமாமைப் பின்பற்றிய பம்பாய்க் கோஜாக்களில் ஒரு பகுதியினர் 1829ல் இமாமுக்குரிய காணிக்கையைத் தர மறுத்து மல்லுக்கு நின்றார்கள். அவர்களை வழிக்குக் கொண்டுவர ஈரானிலிருந்து ஆகா கான் யாரை அனுப்பினார்? ஒரு முகவரோடு தம் பாட்டி மரி பீபியை! கடல் கடந்து வந்து, அவர்களுடைய வழிபாட்டுக் கூடமான ஜமாத்கானாவில் எழுந்து நின்று, அந்தப் பாட்டி பேசிய பேச்சு பின்னாளில் வழக்குமன்ற வரலாறு வரை போயிற்று.

ஃபத் அலி ஷா மறைந்த பிறகு நிலைமை தலைகீழ். புதிய ஷாவோடு ஆகா கானுக்கு உரசல். கெர்மானில் ஆளுநராக இருந்தவர் பதவியிழந்தார். மோதல் போராகவே வெடித்தது. 1841ல் கந்தகார் பக்கம் தப்பி, அங்கிருந்து சிந்து, கட்ச் என்று அலைந்து, ஒருவழியாக 1848 கடைசியில் பம்பாயில் நிலைகொண்டார். மனைவியும் மகன் அலி ஷாவும் இத்தனை காலம் அவரோடு இல்லை. சர்வே ஜஹான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இராக்கில் புனிதத் தலங்களின் பக்கம் போய்விட்டார். அலி ஷா அங்கே படித்தான், காஜார் இளவரசர்களோடு வேட்டைக்குப் போனான். தாயும் மகனும் பம்பாய் வந்து சேர்ந்தது 1853ல்.

பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுப் பிரிவு! கணவர் நாடு கடந்து ஓடியவர். மனைவி அந்த நாட்டு அரச வம்சம். எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு பக்கம் வலிக்கும் இடம். அந்த இடத்தில் நின்று மகனை வளர்த்து, அரபியும் பாரசீகமும் படிக்கவைத்து, கடல் வழியாகக் கூட்டிவந்து சேர்த்திருக்கிறார். வரலாற்றுப் புத்தகங்களில் இவருக்கு ஒரு வரி. ஆகா கான் சிந்துவில் ஆங்கிலேயருக்கு எத்தனை குதிரை வீரர் கொடுத்தார் என்பதற்குப் பக்கம் பக்கமாக. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, மஜ்காவ் வீட்டுக்குள் வாருங்கள்.

நெஸ்பிட் சாலைப் பக்கம் பரந்து கிடந்த வளாகம், ஆகா ஹால். நகரத்துக்குள் ஒரு குட்டி ஈரான். ஆகா கானோடு வந்த வீரர்கள், அவர்கள் குடும்பங்கள், தூரத்துச் சொந்தங்கள், பிழைக்க வந்தவர்கள், புலவர்கள், குதிரைக்காரர்கள், வேட்டைப் பருந்து வளர்ப்பவர்கள். வாசலுக்கு வெளியே மராட்டியும் குஜராத்தியும், வாசலுக்குள்ளே பாரசீகம். குளிர்காலம் பம்பாயில், மழைக்காலம் பூனாவில். பெங்களூரிலும் வீடு உண்டு. 1850களில் அலி ஷாவும் தாயும் வந்து சேர்ந்தபோது தெஹ்ரானுக்குத் திரும்பும் ஆசையும் உள்ளே இருந்தது. புது மன்னர் நாசிருத்தீன் ஷாவைக் குளிர்விக்க ஆகா கான் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பரிசாக அனுப்பிப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கி கப்பலேறிய காட்சியை மட்டும் நினைத்துப் பாருங்கள்!

அலி ஷாவுக்கு வாய்த்த மனைவியரில் ஒருவர் ஷம்சுல் முலூக். ஃபத் அலி ஷாவின் மகள்வழிப் பேத்தி. இங்கே நாம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். அலி ஷாவின் தாய் ஷாவின் மகள். ஷம்சுல் முலூக்கின் தாயும் ஷாவின் மகள். அப்படியானால் மாமியாரே பெரியம்மாவோ சித்தியோ! நம் வீட்டில் அத்தை மகன், மாமன் மகள் என்றால் முறை. பெரியம்மா மகன் என்றால் அண்ணன், கல்யாணப் பேச்சே எழாது. அவர்களுக்கு அது முறையான சம்பந்தம். அடுத்த தலைமுறையில் மூன்றாம் ஆகா கான் 1896ல் பூனாவில் மணந்த ஷாஸாதி பேகமும் சித்தப்பா மகள்தான். இந்த உறவுமுறை தெரியாமல் அந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது. வெளியிலிருந்து மருமகளாக வருபவர் ஏற்கெனவே அந்த வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்பே கடிதங்களில் பழகியவர், சீர் சாமான் எதுவரை எதிர்பார்ப்பார்கள் என்று அறிந்தவர், யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரிந்தவர்.

1885 ஆகஸ்டில் பூனாவில் அலி ஷா, இரண்டாம் ஆகா கான், மறைந்தார். வேட்டைக்குப் போன இடத்தில் வாங்கிவந்த குளிர், நிமோனியா. மூத்தாள் பிள்ளைகள் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர் ஷம்சுல் முலூக்கின் மகன் சுல்தான் முகமது ஷா, மூன்றாம் ஆகா கான். அவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. பல நாடுகளில் பரவிய ஒரு சமூகத்தின் இமாம், ஏழு வயதுச் சிறுவன்!

அப்போதுதான் ஷம்சுல் முலூக் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். லேடி அலி ஷா என்று ஆங்கிலேயர் அழைத்த இந்த அம்மையார் பர்தாவுக்குள் இருந்தபடியே நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். வீடுகள், நிலங்கள், முதலீடுகள், காணிக்கை வரவு, கூட்டமாக இருந்த சார்ந்தோருக்கெல்லாம் படி. மைத்துனர் ஜங்கி ஷா துணைக்கு இருந்தார். அம்மையார் தேவையில்லாத செலவுகளை வெட்டினார். பந்தயக் குதிரைகள் எண்பதுக்கு மேல் லாயத்தில் நின்றன, பெரும்பகுதியை விற்றார். ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிடவில்லை. நல்ல குதிரைகளை மகனுக்காக நிறுத்திவைத்தார். அங்கேதான் அவர் அறிவு. அந்த லாயத்தின் நினைப்பிலிருந்து வளர்ந்த மகன் பின்னாளில் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை 1930ல் தொடங்கி ஐந்து முறை வென்றார்.

மகன் 1954ல் தம் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டபோது அம்மாவைப் பற்றி எழுதிய இடங்களை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அம்மாவுக்குப் பாரசீகக் கவிதையில் அப்படி ஒரு தோய்வு. ஹாஃபிஸும் ரூமியும் நாக்கு நுனியில். அவரைச் சுற்றியிருந்த பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. சாப்பாட்டு நேரத்துப் பேச்சே இலக்கியம்தான். ஒருவர் ஓர் அடியைத் தொடங்கினால் இன்னொருவர் முடிப்பார். காலையில் முகவர்களிடம் வட்டிக் கணக்கு, இரவில் ரூமி. அந்தப்புரம் ஓர் அலுவலகம் என்று சொன்னேனே, அது ஒரு பல்கலைக்கழகமும்கூட. சிறுவனுக்கு ஆங்கில ஆசிரியர்கள் தனியே வந்தார்கள், கண்டிப்பான மௌல்வியும் இருந்தார். ஆனால் பாரசீக ருசியை ஊட்டியவர் அம்மா.

இனி நான் மிகவும் ஆசையோடு காத்திருந்த இடத்துக்கு வருகிறேன்: கடிதங்கள்.

காஜார் காலத்துப் பெண்களின் கடிதத்தைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. எழுத்து உடைந்து உடைந்து, ஒன்றோடொன்று கோத்து, சாய்வாக ஏறிப்போகும். ஷிகஸ்தா என்ற எழுத்துமுறை அது. பக்கம் நிறைந்ததும் நிறுத்தமாட்டார்கள். காகிதத்தைச் சுற்றித் திருப்பி ஓரத்தில் எழுதுவார்கள். ஓரமும் நிறைந்தால் மூலையில் தலைகீழாக. ஊரிலிருந்து தாராவிக்கு வரும் இன்லண்ட் லெட்டரில் மடிக்கும் இடம்வரை எழுதி, ஒட்டும் ஓரத்திலும் ‘சின்னவனுக்குச் சளி’ என்று ஒரு வரி நுழைப்பார்களே, அதே பரபரப்பு! தொடக்கத்தில் நான் உங்களுக்காகப் பலியாவேனாக என்ற வணக்கம் கட்டாயம். அதன் பிறகு நேரே விஷயம். பிள்ளைப்பேறு, காய்ச்சல், யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், குத்தகைப் பணம் ஏன் வரவில்லை, கேட்ட துணியை ஏன் அனுப்பவில்லை. இறுதியில் சொந்த முத்திரை. கல்யாண ஒப்பந்தங்கள் இன்னும் அழகு: பொன் மை, பூவேலை, நடுவே மஹர் தொகை, சாட்சிகளின் முத்திரைகள் வரிசையாக. இப்படிப்பட்ட கடிதங்கள், மஹர்ச் சீட்டுகள், சீர்ப் பட்டியல்கள், உயில்கள், வக்பு பத்திரங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து வாங்கிப் படமெடுத்துச் சேர்க்கும் பெரும்பணியை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அஃப்சானே நஜ்மாபாதி என்ற வரலாற்றுப் பேராசிரியர் முன்னின்று நடத்தினார். வீட்டுப் பெட்டியில் கிடந்த காகிதத்தை வரலாறு என்று எடுத்துக்கொண்டதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

தெஹ்ரான் அரண்மனைப் பெண்களுக்கு எவ்வளவு வீரியம் என்று கேளுங்கள். நாசிருத்தீன் ஷாவின் பிரியமான மனைவி அனீசுத் தவ்லா. கிராமத்திலிருந்து அரண்மனைக்கு வந்தவர். 1873ல் ஷா முதன்முதலாக ஐரோப்பா போனபோது கூடவே கிளம்பினார். மாஸ்கோ வரை போனதும் பர்தாப் பெண்களோடு மேற்கொண்டு பயணம் சரிவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யோசனை பிரதம மந்திரி மீர்சா ஹுசேன் கானுடையது என்பது அவர் எண்ணம். திரும்பிய அனீசுத் தவ்லா சும்மா இருப்பாரா? மந்திரியைப் பிடிக்காத இளவரசர்கள், மதகுருமார்கள் எல்லாரோடும் சேர்ந்து அணி திரட்டினார். ஷா கப்பலிலிருந்து ஈரான் கரையில் இறங்கிய வேளையில் எதிர்ப்பு முற்றியிருந்தது. மந்திரி பதவி விலக வேண்டியதாயிற்று. 1891ல் புகையிலை ஏகபோகத்தை ஆங்கிலேயர் ஒருவருக்குக் கொடுத்ததை எதிர்த்து மதத் தலைவரின் தடை வந்ததும், ஷாவின் சொந்த அந்தப்புரத்திலேயே பெண்கள் ஹூக்காவை மூலையில் வைத்துவிட்டார்கள். நாட்டுக்கே ராஜா, தம் வீட்டில் ஒரு இழுப்புப் புகைக்கு வழியில்லை! அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ரத்தானது.

இந்தச் செய்திகளெல்லாம் பம்பாய்க்கு எந்த வழியாக வந்திருக்கும்? வழி சுலபம். தொடக்கத்தில் கர்பலா யாத்திரை போவோர், வணிகர்கள், நம்பிக்கையான ஆள் கையில் கடிதம் கொடுத்தனுப்பும் முறைதான். 1862 முதல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நீராவிக் கப்பல்கள் பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் தபால் சுமந்தன. 1864ல் ஈரானின் புஷேர் துறைமுகத்திலேயே இந்தியத் தபால் நிலையம் திறந்துவிட்டார்கள். விக்டோரியா மகாராணியின் தலை போட்ட நம் ஊர்த் தபால்தலை அங்கே செல்லும். புஷேரிலிருந்து மேலே ஷிராஸ், இஸ்ஃபஹான், தெஹ்ரான் வரை மலைப்பாதையில் குதிரையும் கோவேறு கழுதையும். மஜ்காவில் உட்கார்ந்துகொண்டு கெர்மானில் ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்கலாம். கர்பலாவில் இருக்கும் உறவுக்குப் பணம் அனுப்பலாம். கடிதம் எழுதத் தெரிந்த பெண்களுக்குத் திரை ஒரு தடையே இல்லை.

திரை ஒருமுறை கிழிந்தும் போனது. கிழித்தவர் அந்த வீட்டுப் பெண்ணே. முதலாம் ஆகா கானின் பேத்தி ஹாஜி பீபி, கணவரை இழந்தவர். தாத்தாவின் சொத்திலும் அதிலிருந்து வரும் வருமானத்திலும் தனக்குப் பங்கு உண்டு என்று மூன்றாம் ஆகா கான் மீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குடும்பத்தில் இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். நீதிபதி ரசல் முன்னிலையில் வீட்டுக்குள் பேசும் பேச்செல்லாம் சாட்சிக் கூண்டேறியது: காணிக்கை யாருக்குச் சொந்தம், சொந்தபந்தங்களுக்கு மாதப்படி உரிமையா தயவா, குடும்பத்தின் வழிபாடு எந்த வழி. 1908ல் தீர்ப்பு ஆகா கான் பக்கம். சட்டம் படிப்பவர்கள் இன்றும் ஹாஜி பீபி வழக்கு என்றுதான் சொல்கிறார்கள். தோற்றவரின் பெயரில் நிலைத்த வழக்கு! எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை. பங்கு கேட்டது சரியா தவறா என்பதை நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் பர்தாவில் வளர்ந்த ஒரு கைம்பெண், பேரரசின் பெரிய மனிதர்களில் ஒருவர்மீது, நகரத்தின் பெரிய நீதிமன்றத்தில், தன் பெயரிலேயே வழக்கு நடத்தியிருக்கிறார். ஷாவின் சபைக்கு நடந்துபோன பீபி சர்காராவின் ரத்தம்.

லேடி அலி ஷா இதையும் பார்த்தார், இதற்கு மேலும் பார்த்தார். மகன் முஸ்லிம் லீகின் முதல் தலைவரானதைப் பார்த்தார். 1936ல் மஜ்காவ் ஹசனாபாத்தில், மாமனாரின் சமாதி மாளிகை நிற்கும் அதே இடத்தில், மகனைத் தங்கத்துக்கு எதிராகத் தராசில் நிறுத்திப் பொன்விழா கொண்டாடிய காலத்திலும் அவர் உயிரோடு இருந்தார். 1938 பிப்ரவரியில், தொண்ணூறை ஒட்டிய வயதில், பாக்தாதில் மறைந்தார்; மகன் பறந்துபோய்ச் சேர்ந்தார். நஜஃபில் கணவர் அருகே அடக்கம். ஒரு மகனும் ஒரு மகளும் இருந்து ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்றால் மகளைப் படிக்கவையுங்கள் என்று அந்த மகன் ஊர் ஊராகச் சொன்னதற்குக் காரணம் தேட நான் வெகுதூரம் போகமாட்டேன்.

அவர் வாழ்நாளிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தமிழர்களுக்கு இதில் தனிச் சந்தோஷம். பாரசீக மொழியின் முதல் பேசும் படமான ‘தொக்தரே லோர்’ 1933ல் எடுக்கப்பட்டது பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியில். கதாநாயகி ரூஹங்கீஸ் சாமிநெஜாத். அவர் பேசியது கெர்மான் பக்கத்து வழக்கு. ஆகா கான் ஆண்ட அதே கெர்மான். ஈரானியத் திரையில் கேட்ட முதல் பெண்குரல் இங்கே பதிவானது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1931ல், இதே இம்பீரியல் கம்பெனியில்தான் டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த ‘காளிதாஸ்’ எடுத்தார்கள். தமிழின் முதல் பேசும் படத்துக்கும் பாரசீகத்தின் முதல் பேசும் படத்துக்கும் பிரசவம் பார்த்தது ஒரே வீடு!

போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டதா? செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஏறி டாக்யார்ட் ரோடில் இறங்குங்கள். மாட்டுங்காக்காரர்களும் தாராவிக்காரர்களும் மத்திய ரயில் பிடித்து பைகுல்லாவில் இறங்கினால் போதும். ஹசனாபாத்தின் குவிமாடத்தை எவரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அது தனியார் சமய வளாகம், உள்ளே போக அனுமதி கேட்டுக்கொள்வது முறை. நெஸ்பிட் சாலையில் இளவரசர் அலி கான் பெயரில் 1945ல் தொடங்கிய மருத்துவமனை இருந்த இடத்தின் முகவரியிலேயே ஆகா ஹால் என்று இருக்கும். அங்கிருந்து டோங்ரி போய் முகல் மஸ்ஜித்தின் நீல ஓடுகளையும் பார்த்துவிடுங்கள். ஆட்டோவுக்குக் காத்து நிற்காதீர்கள், சயனுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது. கறுப்பு மஞ்சள் டாக்ஸி கிடைக்கும்.